சீர்செய்ய நேரம் கிடைக்காத வாய்

படுவான்கரையில் வயலுக்குப் போகிறவருக்கும் மட்டக்களப்பு வாவியில் இரவு முழுக்க வலை வைக்கிறவருக்கும் வெற்றிலைப் பை கூடவே போகும். வீட்டுக்கு வந்தவர் முன் வெற்றிலை வட்டாவை வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயோ வாய்ப்புற்றுநோய். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கன்னத்தின் உட்தோலிலுள்ள ஒரு கலத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. தானாகவே கெடக்கூடியது என்று 1970களில் காட்டிய விஞ்ஞானி தோமஸ் லிண்டால், கலம் அதைத் திருத்தும் வழியைக் கண்டறிந்ததற்காக 2015இல் மேலும் இருவருடன் நோபல் பரிசு பெற்றார். ஒரு கலத்தில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான சேதங்கள் நேர்கின்றன. அநேகமாக எல்லாமே திருத்தப்படுகின்றன. பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது பிறக்கும் வீரியமுள்ள ஒட்சிசன் மூலக்கூறுகள் டி.என்.ஏ.யின் மூலங்களில் ஒன்றான குவானினைத் தாக்குகின்றன. கெட்ட குவானினை ஒரு நொதியம் வெட்டி எடுக்கும். இன்னொன்று எதிர் இழையிலுள்ள சைட்டோசினுக்குப் பொருத்தமாகப் புதியதை வைக்கும். மூன்றாவது இழையை ஒட்டும். இந்த வேலை கலம் பிரதியெடுக்குமுன் முடிய வேண்டும். முடியாவிட்டால் கெட்ட குவானின் அடினினோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த பிரதியில் குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்துவிடும். அப்போது இரண்டு இழைகளும் கச்சிதமாகப் பொருந்துவதால் நொதியங்களுக்குப் பிழையே தெரியாது. விகாரம் நிலைத்துவிட்டது. வாயின் உட்தோல் இயல்பாகவே விரைந்து புதுப்பிக்கப்படுவது. பாக்கு உராய்ந்து, சுண்ணாம்பு புண்ணாக்கினால் அதன் கலங்கள் இன்னும் விரைந்து பிரியும். ஆகவே வெற்றிலை போடுபவரின் வாயில் சேதம் கூடுகிறது, அதைத் திருத்தக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. ஆபத்தின் வேர் இந்த இரட்டை நெருக்கடி என்பேன்.

புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்பார்கள். புகையிலை ஆபத்தைக் கூட்டுவது உண்மை. ஆனால் பாக்கும், புகையிலையில்லா வெற்றிலைக்கூட்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. "பெத்தா தொண்ணூறு வயது வரை போட்டவ, ஒன்றும் ஆகலியே" என்ற பதிலும் வரும். ஒரு கலம் புற்றாக மாற, பிரிவைக் கட்டுப்படுத்தும் பி53 போன்ற மரபணுக்களில் பல விகாரங்கள் சேர வேண்டும். எது எங்கே விழும் என்பது தற்செயல். எத்தனை விழும் என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. பெத்தா தப்பியது பேரனுக்குக் காப்பாகாது.

நிறுத்தினால் ஆபத்து குறையும். வட்டா இருக்கட்டும், பாக்கை விடுங்கள். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியபடி தூங்குவதை இன்றே விடுங்கள். வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலோ, வாய் திறப்பது குறைந்தாலோ, வலியில்லையே என்று இருந்துவிடாமல் அரச வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.