தொலைதூரக் கப்பற் பயணம் தகுமா?

ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு அலாஸ்காவுக்கு உல்லாசக் கப்பலேற எண்ணும் மாத்தளை வாசகர்கள், தமது சீகிரியாவையே அளவுகோலாகக் கொள்ளலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து ஆரம்பமான உல்லாசக் கப்பற் சேவையின் பாதையில் திருகோணமலையும் இடம்பெற்றது. அங்கிருந்து சீகிரியா சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஒரு பகல் மட்டும் தரிக்கும் கப்பலில் வருபவருக்கு நேரத்தின் பெரும்பகுதி வீதியிலேயே கழிந்துவிடும்.

அலாஸ்காவின் நிலை வேறு. அதன் தலைநகர் ஜூனோவுக்கு வெளியிலிருந்து வீதியே இல்லை. அப்பகுதியின் பனியாறுகளைக் கப்பலின் மேற்தளத்திலிருந்தே காணலாம். எனவே, காண விரும்புவது கரையோரத்தில் உள்ளதா, உள்நாட்டில் உள்ளதா என்பதே முதற் கேள்வி.

அடுத்தது செலவு. விளம்பரக் கட்டணத்தில் விமானச்சீட்டு, விசா, காப்புறுதி ஆகியன பெரும்பாலும் அடங்குவதில்லை. வன்கூவரில் கப்பலேறுவோருக்குக் கனடிய விசாவும் தேவை. ஹலால் உணவுக்கான உறுதியை, முற்பணம் செலுத்துமுன் முஸ்லிம் பயணிகள் எழுத்தில் பெற வேண்டும். இவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னர் முடிவெடுப்பதே விவேகம் என்பது எமது கருத்தாகும்.