நாலு கம்பிக் கிடாரும் அதன் பெட்டியும்: வாங்குவோரும் கச்சேரி வைப்போரும் அறிய வேண்டியவை



பருப்பு விலை, வற்றல் வரத்து, வரிக் கணக்கு என்று எழுதி வரும் நாம் இம்முறை கிடாரைப் பற்றி எழுத வந்திருப்பதைக் கண்டு அன்பர்கள் சிரிக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நமது கீழமாசி வீதிக் கடைக்கு, திருமங்கலம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் சரக்கெடுக்க வந்தார். பட்டியலைக் கொடுத்த பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டோம்.

"அண்ணாச்சி, மகன் கல்லூரி முடித்துவிட்டுக் கச்சேரிக்குப் போகிறான். பேஸ் கிடார் வேண்டுமாம், அதற்குத் தனியாக ஒரு பெட்டியும் வேண்டுமாம். ஆறு கம்பி உள்ள சாதாரணக் கிடாரை விட நாலு கம்பிக் கிடாருக்கு விலை கூடச் சொல்கிறான். கம்பி குறைந்தால் விலை குறைய வேண்டாமா? பயல் என்னை ஏமாற்றுகிறானா, கடைக்காரன் அவனை ஏமாற்றுகிறானா?"

நமக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத சரக்கைப் பற்றி விசாரித்துச் சொல்வது மொத்த வியாபாரியின் கடமை. ஆகவே வாசிப்பவர்கள், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்கள், பழுது பார்ப்பவர்கள் எனப் பலரிடமும் விசாரித்தோம். விசாரித்தபோது நமது பழைய தவறு ஒன்றும் வெளியே வந்தது. அதையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறோம்.

பேஸ் கிடார் என்றால் என்ன?

பாட்டில் குரல், புல்லாங்குழல், வயலின் எல்லாம் மேலே கேட்கும். அடியில் தாளத்தோடு சேர்ந்து "தும், தும்" என்று நடந்துகொண்டே இருக்கும் கனத்த ஓசைதான் பேஸ். பலர் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு வெறிச்சோடிப் போகும். கடைக்குள் இருக்கும் மூட்டைகள் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவை இல்லாவிட்டால் கடையே இல்லை அல்லவா? அதைப் போன்றது இது.

நமது பக்கத்து ஊர்க்காரரிடமிருந்தே உதாரணம் காட்டலாம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா (அந்த ஊர் அன்று மதுரை மாவட்டம், இன்று தேனி மாவட்டம்) 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இசையமைப்பாளர் ஆனார். தாளத்துக்குத் துணை போவதோடு நில்லாமல், தனக்கென்று ஒரு மெட்டு போட்டுக்கொண்டு நடக்கும்படி பேஸ் கிடாருக்கு இசை எழுதியது அவருடைய சிறப்பு. அவருடைய பல பாடல்களுக்கு வாசித்தவர் சசிதரன். பின்னர் ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் பல ஆண்டுகள் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை', 'நினைவெல்லாம் நித்யா' படப் பாடல்களை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, குரலை விட்டுவிட்டு அடி ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். நாம் சொல்வது விளங்கும்.

விலை ஏன் கூடுகிறது?

சாதாரணக் கிடாரின் அடிக்கம்பி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிடாரின் அடிக்கம்பி அதில் பாதி, சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. அவ்வளவு மெதுவாக அதிர வேண்டுமானால் கம்பி தடிமனாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். ஆகவே அதிரும் கம்பியின் நீளமே பெரும்பாலும் 34 அங்குலம் வருகிறது. அந்தத் தடித்த கம்பிகள் இழுக்கும் இழுப்பில் வளையாமல் நிற்க, கழுத்து மரம் நன்கு உலர்ந்ததாகவும் உறுதியானதாகவும் வேண்டும். உள்ளே இரும்புக் கம்பியும் வைக்கிறார்கள். கம்பி எண்ணிக்கை குறைவுதான், ஆனால் மரமும் வேலையும் கூடுதல். நண்பரின் மகன் ஏமாற்றவில்லை.

வாசிப்பவர்கள் விரும்பும் கிடார்கள்

இதில் முதல் பெயர் ஃபெண்டர். இவரது கதை நமக்கெல்லாம் பிடிக்கும். லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் ஊர்க்காரர். கணக்குப் படித்தவர். வேலை போனதால் 1938இல் சொந்த ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! கடைக்கு வந்த இசைக்காரர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். அந்நாளில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வாத்தியம். தூக்கிச் செல்வதும் கஷ்டம், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அது கேட்பதும் கஷ்டம். அதற்கு மாற்றாக 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் சுருதி பிசகாமல் வாசிக்கலாம். பிரிசிஷன், அதாவது துல்லியம் என்ற பெயரும் அதனால் வந்ததே. 1960இல் கழுத்து ஒடுங்கிய, இரண்டு 'பிக்கப்' வைத்த 'ஜாஸ் பேஸ்' வந்தது. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தமும் செம்புச் சுருளும். அறுபது ஆண்டுகள் கடந்தும் பெரிய மாற்றம் இல்லாமல் இந்த இரண்டு மாதிரிகளும் விற்கின்றன. மற்ற கம்பெனிகள் செய்பவற்றிலும் பல இவற்றைப் பார்த்துச் செய்தவையே.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றையே பெரிதும் கையாண்டார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். நல்ல கருவியை வாங்கிக் கைக்குப் பழக்கிக்கொண்டால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு வியாபாரப் பாடமும் இதில் உண்டு. 1965இல் ஃபெண்டர் தமது கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றார். உற்பத்தி பெருகியது, தரம் இறங்கியது என்று வாசிப்பவர்கள் குறை சொல்லத் தொடங்கினார்கள். 1965க்கு முந்தைய கிடார்களைத் தேடி அலைந்து அதிக விலைக்கு வாங்கினார்கள். கடைசியில் 1985இல் அங்கே பணிபுரிந்தவர்களே சேர்ந்து கம்பெனியைத் திரும்ப வாங்கித் தரத்தை நிமிர்த்த வேண்டியதாயிற்று. பேர் எடுப்பது கஷ்டம், பேரைக் காப்பது அதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது, ஜெர்மனியின் ஹோஃப்னர். வயலின் உருவில், கையில் எடுத்தால் கனமே தெரியாது. இடது கைக்காரரான பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் 30 பவுன் விலையில் ஒன்று வாங்கினார். இருபுறமும் ஒரே வடிவமாக இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் அவலட்சணமாகத் தெரியாது என்பது அவர் கணக்கு. 1972இல் லண்டனில் அது திருடு போயிற்று. ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்துக் கிடைத்துவிட்டது என்ற செய்தி 2024இல் வெளிவந்தது.

மூன்றாவது, லியோ ஃபெண்டர் பிற்காலத்தில் மியூசிக் மேன் கம்பெனிக்காக உருவாக்கிய 'ஸ்டிங்ரே' (1976). உள்ளேயே 9 வோல்ட் பேட்டரி வைத்து ஓசையைக் கூட்டிக் குறைக்கலாம். கணீரென்று கேட்கும். பேட்டரி தீர்ந்தால் மேடையில் ஊமையாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம்மவர் கைக்கு எட்டும் விலையில் ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையர், ஜப்பானியப் பெயர்களான யமஹா, ஐபனெஸ் ஆகியவை இருக்கின்றன. ஐபனெஸ் கழுத்து மெல்லியது, சிறிய கைக்கு ஏற்றது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே குறிக்கவில்லை.

காம்போ என்னும் பெட்டி

ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது 'காம்போ'. ஃபெண்டர் 1952இல் 'பேஸ்மேன்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். அது பேஸுக்காகச் செய்தது. ஆனால் பின்னால் வந்த நான்கு ஸ்பீக்கர் மாதிரியை ஆறு கம்பிக் கிடார்க்காரர்களே அதிகம் விரும்பினார்கள். லண்டன் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், வாடிக்கையாளர்களின் விருப்பத்தைக் கேட்டு, அதே பேஸ்மேனை மாதிரியாக வைத்து 1962இல் தம் கடையிலேயே ஆம்ப்ளிபயர் செய்யத் தொடங்கினார். இன்று உலகம் அறிந்த மார்ஷல் கம்பெனியின் பிறப்பு அதுதான். ஆம்பெக் கம்பெனி 1960இல் கொண்டுவந்த பி-15, 15 அங்குல ஸ்பீக்கர் வைத்தது. சுமார் 25 வாட்தான் என்றாலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்குத் தனி மதிப்பு. ஜேமர்சனும் அதில் வாசித்தவரே.

கூடத்துக்கு 25 வாட் போதும், மேடைக்குப் போதாது. நமது காது கனத்த ஓசையை மந்தமாகவே வாங்குகிறது. அதோடு, அந்த ஓசைக்கு ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். எனவே கிடாருக்கு 40 வாட் போதுமான இடத்தில் பேஸுக்கு அதைப் போல் சில மடங்கு வேண்டும். இன்று அதிகம் வாங்கப்படும் ஃபெண்டர் 'ரம்பிள்' வரிசையை வைத்துச் சொன்னால்: வீட்டில் பழக 40 வாட், 10 அங்குலம், சிறு மண்டபத்துக்கு 100 வாட், 12 அங்குலம், டிரம்ஸோடு பெரிய மேடைக்கு 500 வாட், இரண்டு 10 அங்குலம். இந்த 500 வாட் பெட்டியின் எடை சுமார் 17 கிலோதான். நமது 25 கிலோ அரிசிச் சிப்பத்தை விடக் குறைவு! பழைய காலத்துப் பெட்டிகளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நாம் செய்த தவறு

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நமது பகுதிக் கோயில் விழாவில் மெல்லிசைக் கச்சேரி. விழாக் குழுவில் பொருளாளர் நாம். மேடை சிறியது. "மைக்செட் நாங்களே வைக்கிறோம், நீங்கள் பெட்டி எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டோம். பேஸ் வாசித்த தம்பி தம் பெட்டியை விட்டுவிட்டு வந்தார். பாடகர்களுக்கு வைத்த ஸ்பீக்கரிலேயே அவரையும் இணைத்தார்கள். மூன்றாவது பாட்டில் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது, பிறகு நின்றுபோயிற்று.

மைக்செட்காரர் நஷ்டம் கேட்டார். நாம் குழுவின் சம்பளத்தில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டோம். தலைவர் அதை அந்தத் தம்பியின் பங்கில் கழித்தார். "ஐயா, பெட்டி வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் அவர். "கணக்குன்னா கணக்குதான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இப்போது விசாரித்தபோது பழுது பார்ப்பவர் விளக்கினார். பேச்சுக்கும் பாட்டுக்கும் என்று செய்த ஸ்பீக்கரில் பேஸின் கனத்த ஓசையை முழுமூச்சாக விட்டால், கூம்புத்தாள் தாங்கும் அளவுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடிக் கிழியும், உள்ளே சுருளும் கருகும். அரைக் கிலோத் தராசில் மூட்டையை வைத்தால் தராசைக் குற்றம் சொல்வதா, மூட்டையைக் குற்றம் சொல்வதா? வைக்கச் சொன்னவரைத்தான் சொல்ல வேண்டும். வைக்கச் சொன்னவர் நாம். அந்தத் தம்பியைத் தேடினோம். குழு கலைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, இடம் தெரியவில்லை. கணக்கு முடித்துவிட்டதாக நினைத்த பாக்கி ஒன்று இன்னும் நம் பேரிலேயே நிற்கிறது.

விழாக் குழுவினர் கவனத்துக்கு

நமது ஊர்களில் கச்சேரிக்குப் பணம் கொடுப்பவர்களும், கச்சேரியைப் பேசி முடிப்பவர்களும் பெரும்பாலும் வணிகர்களே. ஆகவே:

1. பேஸுக்குத் தனிப் பெட்டி உண்டா, யார் கொண்டுவருவது, வண்டிச் சத்தம் யார் பேரில் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

2. திறந்த மைதானமானால், பேஸ் பெட்டியிலிருந்து மிக்சருக்கு ஒரு இணைப்பு கொடுத்து, கனத்த ஓசைக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரில் விடச் சொல்லுங்கள். குழாய் ஸ்பீக்கரில் விடக் கூடாது.

3. ஜெனரேட்டர் வைத்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் மட்டுமல்ல, கிடார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைப்பவர் உயிருக்கே ஆபத்து.

4. ஏதாவது பழுதானால் காரணத்தை விசாரிக்காமல் யார் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள்.

பிள்ளைக்கு வாங்கும் பெற்றோருக்கு

கழுத்து நேராக இருக்கிறதா என்று கம்பியோரம் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் விரலை வைத்து வாசித்து, எங்காவது கம்பி உரசி இரைகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய கிடார் வாங்கினால் தெரிந்தவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கிடாரிலேயே எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டுப் பெட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். நடுத்தரக் கிடார் நல்ல பெட்டியில் கேட்கும், நல்ல கிடார் மட்டமான பெட்டியில் கேட்காது. ஜி.எஸ்.டி. பில், உத்தரவாதச் சீட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் திருமங்கலம் நண்பரிடம் சொன்னோம். ஒரு ஸ்குவையர் கிடாரும் 100 வாட் பெட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாதிப் பணத்தைப் பையன் கச்சேரி வருமானத்திலிருந்து மாதாமாதம் திருப்ப வேண்டும் என்று பேச்சு. இரண்டு தவணை ஒழுங்காக வந்துவிட்டதாம். கடையில் உட்காராத பிள்ளை கணக்கில் நாணயமாக இருக்கிறானே என்று அவருக்கு ஆறுதல்.

நம்மைப் பொறுத்தவரை, இந்த ஆண்டு நமது கோயில் விழாவில் பேஸ் பெட்டியின் வாடகையும் வண்டிச் சத்தமும் நமது சொந்தப் பொறுப்பு என்று குழுவில் சொல்லிவிட்டோம். அந்தத் தம்பி இந்த வட்டாரத்தில் எங்காவது இருந்து, இந்த இதழ் அவர் கண்ணில் பட்டால், கடைக்கு வந்து தமது 1,500 ரூபாயை வட்டியோடு பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.