திறந்த கண்ணும் ஓர் இருமலும்

கிழிந்த விழியைத் தைக்கும்போது நோயாளி இருமினால் என்ன நேரும்? அன்பர்களே, சிந்தித்ததுண்டா?

விழி, நீர்மம் நிறைந்த பந்து போன்றது. அதன் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிட 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு மிகுதி. விழி கிழிந்தால் இம்மிகை அழுத்தம் நீங்கிவிடும். இருமினாலோ, மார்பில் அழுத்தம் உயர்ந்து, தலையிலிருந்து இறங்கும் குருதி தேங்குகிறது. விழிக்குள் இரத்தக் குழாய்கள் புடைக்கின்றன. நலமான கண்ணிலேயே அழுத்தம் 30, 40 மில்லிமீட்டர் கூடிவிடும். திறந்த கண்ணிலோ, உள்ளிருப்பவை காயத்தின் வழியே பிதுங்கும், பார்வையே பறிபோகலாம்.

எனவேதான் மயக்க மருத்துவர், தசைகள் முற்றும் தளர்ந்த பிறகே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துகிறார். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துகிறார். கழுத்தைக் கட்டு எதுவும் இறுக்காமல் பார்த்துக்கொள்கிறார். நாம் பொருட்படுத்தாத ஓர் இருமலைத் தடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும்!