அலையாத குறி: துப்பாக்கித் தொலைநோக்கியின் வளையமும் தாங்கியும், அவற்றின் தமிழ்ப் பெயர்களும்

வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கண்ணாடியைப் பற்றியே பேசுவர். எத்தனை மடங்கு பெரிதாக்கும், மங்கிய வெளிச்சத்தில் எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்பனவே அவர்தம் வினாக்கள். தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு பிணைத்து நிறுத்தும் இரண்டு வளையங்களையும் அவற்றின் கீழுள்ள பட்டையையும் கடைசியில்தான் நினைப்பர். ஆயினும், குண்டு எங்கே சென்று படும் என்பதை முடிவு செய்வதில் இவ்விணைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்கலாம். இரண்டு வளையங்களுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். பின்வளையம் ஒரு தாளின் கனமளவு, அதாவது 0.1 மில்லிமீட்டர், உயர்ந்துவிட்டால் தொலைநோக்கியின் பார்வைக்கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்கிறது. 100 மீட்டருக்கு அப்பால் அச்சாய்வு 10 சென்டிமீட்டராக விரிகிறது. ஒரு தாளின் கனம் ஒரு கையகல விலகலாகிவிடுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். அச்சாய்வு நிலையாக இருக்குமாயின் கவலையில்லை. தொலைநோக்கியின் திருகுகளைத் திருப்பிக் குறுக்கிழையை நேர்ப்படுத்திவிடலாம். சாய்வு சுடுந்தோறும் மாறுமாயின் எந்தத் திருகும் உதவாது. நிலையான பிழை திருத்தத்தக்கது. அலையும் பிழை திருத்தவியலாதது. இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே. இது கருவிக்கும் பொருந்தும், கருவியைக் குறிக்கும் சொல்லுக்கும் பொருந்தும் என்பதைக் காட்ட முயல்வோம்.

பேராவும் துப்பாக்கியும்

பேரா மாநிலத் தோட்டப்புறங்களில் துப்பாக்கி புதிய பொருளன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்து இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டக் காவலுக்கெனச் சிறப்புக் காவலர் அமர்த்தப்பட்டனர். துப்பாக்கி ஏந்தியவர் நடமாட்டம் லயத்து மக்களின் அன்றாடக் காட்சியாயிற்று.

அக்காலத்தில் மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் படையினர் ஏந்திய துப்பாக்கிகளுள் ஒன்று லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் வகை. காட்டில் தூக்கிச் செல்ல எளிதாக இருக்கும் பொருட்டு நான்காம் எண் வகையின் குழலைக் குறுக்கி, எடையைக் குறைத்துச் செய்தது அது. அதன்மீது எழுந்த முறையீடு குறிப்பிடத்தக்கது: நேர்ப்படுத்திய குறி நேர்ப்படுத்தியவாறே நிற்பதில்லை, அலைகிறது என்றனர். அதன் காரணம் பற்றி இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. 1947இலேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. குறி சற்றே விலகிய துப்பாக்கியைப் படைவீரன் பொறுத்துக்கொள்வான். குறி அலையும் துப்பாக்கியை அவன் நம்பமாட்டான்.

இன்று பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. இளங்கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றி மட்டும் மாறவில்லை. உரிமம் பெற்று அதனைச் சுடுவோர் பெரும்பாலும் சிதறுகுண்டுத் துப்பாக்கியையே கையாள்கின்றனர். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி உடையோர் சிலரே. எனினும், தோட்டத்தில் வேட்டை நடக்கும் இடத்துக்கு அப்பால் லயமும் கோயிலும் மண்சாலையும் இருக்கும். குறி தவறிய குண்டு வெறுங்காட்டில் விழும் என்று யாரும் உறுதி கூறவியலாது. ஆகவே சிலர்க்கே உரிய இக்கருவி பலர்க்கும் உரிய செய்தியாகிறது.

பெயர்கள் மூன்று

பொருளைத் தேர்வதற்கு முன் பெயரைத் தெளிவோம். ஆங்கில வழக்கில் 'மவுண்ட்' என்ற ஒரே சொல் சில வேளை அடியிலுள்ள பட்டையை மட்டும் குறிக்கிறது; சில வேளை பட்டையும் வளையமும் சேர்ந்த முழு அமைப்பைக் குறிக்கிறது. கடையில் ஒன்றைக் கேட்டு வேறொன்றை வாங்கி வருவதற்கு இக்குழப்பமே போதும். தமிழில் நாம் மூன்று பெயர்களைக் கொள்வோம். துப்பாக்கியின் உடற்பகுதியில் திருகாணியால் பிணைக்கப்படுவது அடிப்பட்டை. தொலைநோக்கியின் குழாயைச் சுற்றிப் பிடிப்பது வளையம். அது கீழரை, மேலரை என இரு பாதிகளால் ஆனது. இவ்விரண்டும் சேர்ந்த முழுமை தாங்கி.

இச்சொற்கள் தூய தமிழாக இருப்பதனால் மட்டும் சிறப்புடையன ஆகா. 'துப்பாக்கி' என்னும் சொல்லே துருக்கிய மூலத்திலிருந்து தெலுங்கு வழியாக வந்தது என்பர். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இதே ஒலியுடைய சொல் வருகிறது. அங்கே அதன் பொருள் 'உணவை உண்டாக்கி' என்பதாகும். படைக்கருவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலாய் மொழியின் 'செனாப்பாங்' டச்சு மொழியிலிருந்து வந்தது. கடன்சொல்லா, தாய்ச்சொல்லா என்பது இரண்டாவது வினா. ஒரு பொருளைச் சுட்டிய சொல் நூல் முழுதும் அப்பொருளையே சுட்டுகிறதா என்பதே முதல் வினா.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் காண வேண்டியது அடிப்பட்டை. அது துப்பாக்கியின் வகைக்கு உரியதாக இருத்தல் வேண்டும்; உடற்பகுதியின் வளைவும் திருகாணித் துளைகளின் இடைவெளியும் வகைக்கு வகை வேறுபடும். பட்டையின் மேல்முகமும் பலவகைப்படும். காற்றுத் துப்பாக்கியிலும் சிறுகுண்டுத் துப்பாக்கியிலும் உடலிலேயே ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வரம்பு வெட்டப்பட்டிருக்கும். மேலே அகன்று கீழே குறுகும் அதன் வடிவத்தைப் புறாவின் வாலுக்கு ஒப்பிட்டு ஆங்கிலத்தார் 'டவ்டெயில்' என்றனர். பெரிய துப்பாக்கிகளில் குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பட்டையே மிகுதி. அதில் 'வீவர்' வகையின் பள்ளம் 4.57 மில்லிமீட்டர் அகலமுடையது. பள்ளங்களின் இடைவெளி ஒரே சீராக இருப்பதில்லை. 1995இல் அமெரிக்கப் படைத்துறை தரப்படுத்திய 'பிக்காட்டினி' வகையின் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலமுடையது, இடைவெளி 10.01 மில்லிமீட்டர் என ஒரே சீராக அமையும். ஆகவே வீவர் வளையம் பிக்காட்டினி பட்டையில் பெரும்பாலும் அமரும். பிக்காட்டினி வளையத்தின் தடித்த குறுக்குக்கட்டை வீவர் பள்ளத்தில் இறங்காது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டையும் அளவால் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

இரண்டாவது, வளையத்தின் உள்விட்டம். தொலைநோக்கிக் குழாய்கள் பெரும்பாலும் ஓர் அங்குலம் (25.4 மி.மீ.), 30 மி.மீ., 34 மி.மீ. ஆகிய விட்டங்களில் வருகின்றன. குழாயின் விட்டமும் வளையத்தின் விட்டமும் ஒன்றாக இருத்தல் கட்டாயம். பெரிய வளையத்தில் சிறிய குழாயை வைத்துத் தாளையோ துணியையோ சுற்றி இறுக்குவது நாம் மேலே கணக்கிட்ட விலகலைத் தானே வரவழைப்பதாகும்.

மூன்றாவது, உயரம். பொருளருகு வில்லை அமைந்துள்ள முன்முனை, குழாயைவிடப் பருத்தது. அது துப்பாக்கிக் குழலைத் தொடாமலும், தாழின் கைப்பிடி மேலெழும்போது கண்ணருகு வில்லைப் பகுதியில் இடிக்காமலும் இருக்கும் அளவே வளையம் உயர வேண்டும். அதற்குமேல் உயர்ந்தால், சுடுபவரின் கன்னம் கட்டையில் பதியாது. தலை அந்தரத்தில் நிற்க, ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். செம்பனை வரிசைகளுக்கிடையே பார்வை எட்டும் தொலைவு பெரும்பாலும் 100 மீட்டருக்கு உட்பட்டதே. அதற்கு மிகப்பெரிய வில்லை வேண்டியதில்லை. சிறிய வில்லைக்குத் தாழ்ந்த வளையம் போதும். தாழ்ந்த வளையமே கன்னத்துக்கும் கண்ணுக்கும் இசைவானது.

நான்காவது, கண் இடைவெளி. முழுக்காட்சியும் தெரியும்படி கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் இடையே விட வேண்டிய தொலைவு இது. வேட்டைத் தொலைநோக்கிகளில் இது பொதுவாக 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். வெடித்தவுடன் துப்பாக்கி பின்னுதைக்கும். இடைவெளி குறைவாயின் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். வளையங்களை எப்பள்ளத்தில் வைத்தால் இத்தொலைவு கிடைக்கும் என்பதைப் பார்த்தே பட்டையின் நீளத்தை முடிவு செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, உலோகம். அலுமினிய வளையம் எடை குறைந்தது, துருப்பிடிக்காது. எஃகு வளையம் எடை மிகுந்தது, உறுதியானது. வலிய பின்னுதைப்புள்ள துப்பாக்கிக்கு ஏற்றது. ஈப்போ வட்டாரம் போன்று ஆண்டு முழுதும் ஈரமும் மழையும் உள்ள இடங்களில் எஃகை நாள்தோறும் துடைத்து எண்ணெயிட வேண்டும். இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் வியர்வையும் நீரும் தங்கினால் அரிப்பு விரைவாகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

ஆறாவது, இறுக்கம். மேலரையின் திருகாணிகளுக்குத் தயாரிப்பாளர் பலர் கூறும் முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். உரிய அளவு ஒவ்வொரு வளையத்தோடும் வரும் குறிப்பில் இருக்கும். கைவலிமையை அளவுகோலாகக் கொள்ளாமல் முறுக்குவிசை காட்டும் திருப்புளியைப் பயன்படுத்த வேண்டும். மிகுதியாக இறுக்கினால் குழாய் நசுங்கும். குறைவாக இறுக்கினால் நழுவும். திருகாணிகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்கினால் இரு பக்கத்து இடைவெளியும் ஒத்திருக்கும். பட்டையில் வளையத்தை அமர்த்தும்போது அதனை முன்னோக்கித் தள்ளிப் பள்ளத்தின் முன்சுவரோடு சேர்த்த பின்னரே இறுக்குதல் வேண்டும். வெடிக்கும் கணத்தில் துப்பாக்கி பின்னே செல்ல, தொலைநோக்கி தன் இடத்திலேயே நிற்க முனையும். அந்த விசையை முன்சுவர் தாங்கிக்கொள்ளும்.

ஒரு முன்னோடிச் சான்று

இணைப்புக்கு உரிய மதிப்பை அளித்தவர்களுக்கு ஒரு சான்று கூறலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷார் லீ-என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கிகளுள் நன்கு சுடுபவற்றைத் தெரிந்தெடுத்துத் தொலைநோக்கி பொருத்தினர். அப்பணியின் பெரும்பகுதியை லண்டனின் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் செய்தது. துப்பாக்கியின் இடப்பக்கத்தில் இரண்டு பெரிய கைத்திருகுகளால் பிணைக்கப்பட்ட தாங்கியில், அத்துப்பாக்கியின் தொடரெண்ணையே பொறித்தனர். ஒரு துப்பாக்கியின் தாங்கியை மற்றொன்றில் மாட்டக்கூடாது என்பதே அதன் பொருள். கழற்றி மீண்டும் மாட்டினாலும் குறி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அவர்கள் இணைப்பை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே பொருத்தினர்.

தமிழ் படித்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 'மரம்' என்னும் பெயரோடு 'ஐ' உருபு சேரும்போது இடையே 'அத்து' என்னும் சாரியை வந்து 'மரத்தை' என்றாகிறது. சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை. ஆனால் பெயருக்குப் பெயர் உரிய சாரியை வேறு. 'எல்லாம்' என்பதற்கு 'அற்று' வந்து 'எல்லாவற்றை' என்றாகும். ஒன்றன் சாரியையை மற்றொன்றுக்கு மாட்டினால் சொல் பொருந்தாது.

பொருத்திய பின்

பொருத்தியதோடு பணி முடிவதில்லை. அனுமதி பெற்ற சுடுதளத்தில் பல முறை சுட்டுக் குறியை நேர்ப்படுத்த வேண்டும். பின்னர்த் திருகாணிகளைச் சரிபார்த்து மீண்டும் சுட வேண்டும். குண்டுகள் ஒரே இடத்தில் திரண்டு விழுந்து, அவ்விடம் குறியிலிருந்து விலகியிருந்தால் தொலைநோக்கியின் திருகைத் திருப்பலாம். அவை சிதறி விழுந்தால் முதலில் ஐயுற வேண்டியவற்றுள் தாங்கியும் ஒன்று. துப்பாக்கி கீழே விழுந்தாலோ வண்டியில் அடிபட்டாலோ மீண்டும் சோதிக்காமல் வேட்டைக்கு எடுத்துச் செல்லலாகாது.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்கும் அது பொருந்தும். காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்குத் துறையின் உரிமம் தனியே வேண்டும். உடற்பகுதியில் துளையிடுதல் போன்ற பணியை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும். இன்னும் ஒன்று: அசைவது எதுவென அறிவதற்குத் துப்பாக்கித் தொலைநோக்கியைப் பயன்படுத்துதல் கூடாது; நோக்கும் திசையிலேயே குழலும் நீண்டிருக்கிறது. அதற்கு இருகண் நோக்கி தனியே உண்டு. விலங்கென்று எண்ணி மனிதரைச் சுட்ட செய்திகளை நாம் நாளேடுகளில் படித்தே இருக்கிறோம்.

ஆசிரியர்க்கு ஒரு பயிற்சி

கருவி பற்றிய குறிப்புகள் தமிழில் எழுதப்படும்போது ஒரே பொருளை முதற்பத்தியில் 'தாங்கி' என்றும், அடுத்த பத்தியில் 'பிடிப்பான்' என்றும், மூன்றாவதில் 'மவுண்ட்' என்றும் எழுதுவதைக் காண்கிறோம். நடைநயம் கருதிச் சொல்லை மாற்றுவது கவிதைக்கு அழகாகலாம். திருகாணியை எங்கே இறுக்குவது என்று தேடும் வாசகனுக்கு அது குறி அலைவதேயாகும். குறையுடைய சொல்லாயினும் ஒரே பொருளில் நின்றால் படிப்பவன் அதற்கேற்பத் தன்னை நேர்ப்படுத்திக்கொள்வான்.

ஆகவே வகுப்பறையில் இதனைச் செய்து பார்க்கலாம். துப்பாக்கி வேண்டியதில்லை, மிதிவண்டியின் விளக்கோ, தையல் பொறியின் ஊசிப்பிடியோ போதும். ஒரு மாணவர் அதனைப் பொருத்தும் முறையை ஐந்து வாக்கியங்களில் எழுதட்டும். அதனைக் காணாத மற்றொரு மாணவர் அவ்வாக்கியங்களை மட்டும் கொண்டு பொருத்தட்டும். எவ்விடத்தில் கை தயங்குகிறதோ அவ்விடத்துச் சொல்லைத் திருத்துவோம். திருத்திய சொல்லை அதன்பின் மாற்றாது வைப்போம்.