கனமான இசைத்தட்டுக்குக் கூடுதல் விலை தரலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



இசைத்தட்டில் பாட்டுக் கேட்கும் ஆர்வம் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. தேக்காவை அடுத்திருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. ஆனால், இசைத்தட்டு தேடுவோர் ஓய்ந்துவிடவில்லை. கடைகளில் இப்போது வரும் மறுபதிப்புகள் பலவற்றின் உறையில் '180 கிராம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். விலையும் கூடுதல். அந்தக் கூடுதல் வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

சாதாரண 12 அங்குல இசைத்தட்டின் எடை ஏறக்குறைய 120 முதல் 140 கிராம். ஆக, நாம் கூடுதலாகப் பெறுவது 40 முதல் 60 கிராம் பிளாஸ்டிக்.

பாட்டு இருப்பது அந்தப் பிளாஸ்டிக்கின் கனத்தில் அல்ல. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளத்தில்தான். அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் மூலத் தட்டில் இந்தப் பள்ளத்தை வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சுத் தகடு செய்து, சூடான வினைலில் அழுத்துவார்கள். ஒரே தகட்டில் 120 கிராம் தட்டு அச்சிட்டாலும் 180 கிராம் தட்டு அச்சிட்டாலும் பள்ளம் ஒன்றுதான்.

அப்படியானால் எடையால் பயனே இல்லையா? உண்டு. கனமான தட்டு எளிதில் வளையாது. கையாளவும் உறுதியாக இருக்கும். ஆனால், நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டால் எந்த எடையும் காப்பாற்றாது.

ஒலியின் தரத்தை முடிவு செய்பவை வேறு. மூல ஒலிநாடா நன்றாக இருந்ததா, பள்ளத்தை வெட்டியவர் தேர்ந்தவரா, அச்சிட்ட ஆலையில் கவனம் இருந்ததா என்பவையே முக்கியம். இவற்றில் அக்கறை காட்டும் நிறுவனங்கள் சில கனமான தட்டையும் பயன்படுத்துகின்றன. அந்த அக்கறையால் கிடைத்த பெருமையை நாம் எடைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இதில் நாம் இழக்கக்கூடியதும் உண்டு. சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட, 1978இல் வெளிவந்த 'பிரியா' படத்தின் பழைய இசைத்தட்டு கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இலேசாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஆழமான கீறல் உண்டா, பளபளப்பு மங்கியிருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் கடையிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். சில பழைய படப்பாடல்களுக்கு மறுபதிப்பே வராமல் போகலாம்.

விலை வித்தியாசம் சிறிதென்றால் கனமான தட்டை வாங்குவதில் தவறில்லை. வித்தியாசம் பெரிதென்றால், அந்தப் பணத்தில் நல்ல ஊசியும் தூசி துடைக்கும் பிரஷும் வாங்குங்கள். தேய்ந்த ஊசி எவ்வளவு கனமான தட்டையும் கெடுத்துவிடும். தட்டுகளை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள தட்டுகளும் அதனால் பிழைக்கும்.