தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று

நம் இல்லங்களில் வண்ணமீன் வளர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. வண்ணமீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரிலிருந்தும், அவரவர் ஊர்க் கடைகளிலிருந்தும் பிள்ளைகள் ஆசையோடு மீன்களைக் கொண்டு வருகின்றனர். ஆனால் பல வீடுகளில் அவை ஒரு திங்கள்கூட உயிரோடிருப்பதில்லை. 'கடைக்காரர் நோய்ப்பட்ட மீனைத் தந்துவிட்டார்' என்பார் தந்தை. 'நீ சரியாகத் தீனி போடவில்லை' என்று பிள்ளையைக் கடிந்துகொள்வார் தாய். பிள்ளையோ தன் கையால்தான் மீன் இறந்தது என்று எண்ணி வாடும். பல வேளைகளில் குற்றம் இம்மூவரிடத்திலும் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் காப்பது வடிகட்டி. அதனைத் தேர்ந்து வாங்குவதும் முறையோடு பேணுவதும் எங்ஙனம் என்று இங்கே காண்போம்.

கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு

மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளிவிடுகிறது. உண்ணாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. ஏரியிலும் ஆற்றிலும் அது பெருநீரில் கலந்து வலுவிழந்துபோகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடமில்லை. அம்மோனியாவுக்கு நிறமுமில்லை. ஆகவே பளிங்குபோல் தெளிந்த நீரிலேயே மீன் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து மூச்சுத் திணறுவதைக் காண்கிறோம். நீரின் வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்தால் இந்நஞ்சின் கொடுமையும் மிகும். மேலும், 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் ஏற்கும். நம் சித்திரை வெயிலில் மீன்கள் ஏன் துன்புறுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்நஞ்சைப் போக்க இயற்கையே வழி வகுத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டால் தீங்கு குறைவு. சிறிது நீரை மாற்றினாலே அது குறைந்துவிடும். நீர்ச்செடிகளும் அதனை உரமாகக் கொள்ளும். ஏறத்தாழ 1890-இல் ரஷ்ய அறிவியலார் செர்கேய் வினோகிராட்ஸ்கி இத்தகைய நுண்ணுயிர்களை மண்ணிலிருந்து பிரித்துக் காட்டினார். வீட்டு நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் மாற்றத்தைச் செய்பவை நைட்ரோஸ்பைரா என்னும் வகையைச் சார்ந்தவை என்று 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. வடிகட்டியிலுள்ள பஞ்சும் பீங்கான் வளையங்களும் அவற்றின் குடியிருப்பு. அழுக்கைப் பிடிப்பது வடிகட்டியின் சிறுபணி. இவ்வுயிர்களுக்கு இடமும் பிராணவாயுவும் அளிப்பதே அதன் பெரும்பணி.

எதனை வாங்குவது?

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போக 45 லிட்டர் நீர் நிற்கும் எனலாம். கப்பிகள், மோலிகள், சண்டைமீன் போன்ற சிறு மீன்களுக்குக் காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியே போதும். அதன் விலை குறைவு, மின்செலவும் சொற்பம். குஞ்சுகளை அது உறிஞ்சிவிடாது. வேகமான நீரோட்டத்தை விரும்பாத சண்டைமீனுக்கும் அது ஏற்றது.

தங்கமீன் மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிவிடும் இனம். அதற்குச் சிறு ஸ்பாஞ்சு போதாது. பெரிய தொட்டியும், தொட்டியின் மேல் பொருத்தும் 'டாப் ஃபில்டர்' அல்லது விளிம்பில் தொங்கவிடும் வடிகட்டியும் வேண்டும். இவற்றை வாங்கும்போது, ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரைப்போல் நான்கைந்து மடங்கு நீரைச் சுழற்றுமா என்று பாருங்கள். 45 லிட்டர் நீருக்கு மணிக்கு 200 லிட்டர் என்பது பொருத்தமான அளவு. பெட்டியின் மேல் அச்சிட்ட அளவு புதுப் பம்புக்குரியது. பஞ்சில் அழுக்குச் சேரச் சேர ஓட்டம் குறையும். கரித்துண்டுகள் நிறத்தையும் வாடையையும் நீக்கும். ஆனால் சில வாரங்களில் ஆற்றல் இழந்துவிடும். அன்றாடப் பயனுக்கு அவை கட்டாயமல்ல.

தூய்மை செய்வதிலுள்ள இடர்

நல்ல உள்ளத்தோடு செய்யும் பணியே மீன்களுக்குக் கேடாகும் இடம் இதுதான். ஞாயிறுதோறும் தொட்டியை முற்றிலும் காலி செய்து, கல்லைத் தேய்த்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புது நீர் நிரப்பும் இல்லங்கள் பல. குழாய் நீரிலுள்ள குளோரின், நமக்குத் தீங்கான கிருமிகளைக் கொல்வதுபோலவே இந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொல்கிறது. மறுநாள் தொட்டி பளபளக்கும். அதன் காவலர் எவரும் இரார். சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாக மடியும்.

ஆகவே இம்முறையைப் பின்பற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். புது நீரிலுள்ள குளோரினை, கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தால் போக்குங்கள். அல்லது நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை வாளியில் ஊற்றி, அதிலேயே பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பஞ்சு பழுப்பாயிருப்பது குறையன்று. சோப்பு எக்காரணத்தாலும் கூடாது. இரு பஞ்சுகள் இருப்பின் ஒன்றை இம்முறையும் மற்றதை அடுத்த முறையும் கழுவுங்கள். பஞ்சு நைந்துபோனால், புதியதைப் பழையதோடு ஒரு திங்கள் சேர்த்து வைத்த பின்னரே பழையதை எறியுங்கள்.

புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே முதல் நாளிலேயே பத்து மீன்களை விடாமல், இரண்டு மூன்றோடு தொடங்கிச் சிறிதளவே தீனி இடுங்கள். நலமாயிருக்கும் பழைய தொட்டியிலிருந்து பிழிந்தெடுத்த பஞ்சுத் துண்டு ஒன்று கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

மின்சாரம் குறித்து மூன்று எச்சரிக்கைகள்

காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் குழாய்வழி நீர் பின்னோக்கி இறங்கிப் பம்பினுள் புகும். தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லா இணைப்பையும் அணைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதனைக் கண்டிப்பாய்க் கற்பியுங்கள். மின்வெட்டு பல மணி நேரம் நீடித்தால், மூடிய பெட்டி வடிகட்டிக்குள் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டி மடிந்து நீர் கெட்டிருக்கும். அந்நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டிநீரில் அலசிய பின்னரே மீண்டும் ஓடவிடுங்கள். மின்சாரமில்லாத வேளையில் தீனி இடாதீர்கள். ஒரு குவளையால் நீரை முகந்து சற்று உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக் கொண்டிருந்தால் மீன்களுக்கு மூச்சு கிடைக்கும்.

பெற்றோரே, இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். நாள்காட்டியில் நீர் மாற்றும் நாளையும் பஞ்சு பிழியும் நாளையும் அவர்களே குறித்துக் கொள்ளட்டும். அளவாய்த் தீனியிடவும், பொறுத்திருக்கவும், கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் மதிப்பளிக்கவும் அவர்கள் கற்றுக்கொள்வர். மீன்களும் பிழைத்திருக்கும்.