வைக்கோற் கட்டை எதில் வைத்துக் கொடுப்பது?

காலபோக அறுவடை முடிந்த வன்னி வயல்களில் இன்று காணும் காட்சி முன்னைய காலத்தது அன்று. சூடு மிதித்த நாட்களில் வைக்கோற் போர் வீட்டு வளவிலேயே நின்றது. வேண்டிய நேரம் வேண்டிய அளவு உருவிப் போட்டோம். இப்போது அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. பின்னால் வரும் இயந்திரம் அதைச் சுருட்டி, நூலால் சுற்றி, உருளைக் கட்டுகளாக வெளியே தள்ளுகிறது. வயல் இல்லாத குடும்பமும் நாலு கட்டு வாங்கி அடுக்கி வைக்கலாம் என்பது இதிலுள்ள நன்மை. ஆனால் சும்மா கிடைத்த வைக்கோலுக்கு விலையும் வந்துவிட்டது.

விலை கொடுத்து வாங்கியதைத் தரையில் போட்டால் நடப்பதை மாடு வளர்ப்போருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. முதலில் தின்னும், பிறகு இழுக்கும், உதறும், மிதிக்கும், அதன்மேல் சாணமும் போட்டுப் படுத்தும் கொள்ளும். சாணம் பட்டதை மறுபடி முகர்ந்தும் பாராது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய உருளைக் கட்டொன்று சுமார் 15 கிலோ என்றும், நாட்டு மாடொன்று நாளொன்றுக்கு 5 கிலோ தின்னும் என்றும் வைத்துக்கொண்டால் மூன்று மாடுகளுக்கு நாளுக்கு ஒரு கட்டு. அதில் நான்கில் ஒரு பங்கு காலடியில் போகுமானால், 120 நாள் கோடையில் 30 கட்டு விரயம். அது அதே மூன்று மாடுகளின் ஒரு மாதத் தீனி.

பெரும் பண்ணைகள் உள்ள நாடுகளில் இந்த விரயத்தைத் தடுக்க விதம் விதமான இரும்புச் சட்டங்கள் விற்பனைக்கு உண்டு. அங்கே ஒரு கட்டு 400, 500 கிலோ நிறை. உழவு இயந்திரத்தால் தூக்கி வைத்து, சுற்றி ஒரு வளையத்தைக் கவிழ்ப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் நான்கு வகைச் சட்டங்களை ஒப்பிட்டு 2003 இல் வெளியிட்ட ஆய்வு எமக்கும் பிரயோசனமானது. உலர்புல்லைக் கூம்புக்குள் வைத்தபோது நூற்றுக்கு 3.5 பங்கும், சாதாரண வளையத்தில் 6.1 பங்கும், சில்லுப் பூட்டிய இழுவைப் பெட்டியில் 11.4 பங்கும், தொட்டில் போன்ற சட்டத்தில் 14.6 பங்கும் வீணாயின. தொட்டிலில் தின்ற மாடுகள் மற்றவற்றில் தின்றவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஒன்றையொன்று முட்டித் தள்ளின. தலையை எடுத்து மீண்டும் நுழைத்ததோ நான்கு மடங்கு.

காரணம் எளியது. தலை சட்டத்துக்குள் இருக்கும்வரை வாயிலிருந்து விழுவது உள்ளேயே விழும். மாடு அதையும் பொறுக்கித் தின்னும். தலையை வெளியே எடுத்தால் வாயில் தொங்குவது காலடியில் விழும். பக்கத்து மாடு முட்டும்போதெல்லாம் தலை வெளியே வருகிறது. ஆகவே சட்டம் எதுவானாலும் நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு மாடும் இடிபடாமல் நிற்க இடம் இருக்கிறதா? தலையை உள்ளே வைத்தபடி, மேயும்போது போலக் குனிந்து தின்ன முடிகிறதா?

இந்த இரண்டுக்கும் இரும்பு வேண்டியதில்லை. மூன்று மாடுகளுக்கு எட்டடி நீளம், இரண்டு இரண்டரை அடி அகலத்தில் ஒரு மரத்தொட்டி போதும். அடித்தளம் நிலத்திலிருந்து ஓரடி உயரட்டும். மழைத் தண்ணீர் ஏறாது. மாடு நிற்கும் பக்கம் பனஞ்சிலாகையால் ஒரு முன்மறைப்பு, அதற்கு மேலே கழுத்துக்கு மேல் வரும்படி ஒரு குறுக்குக் கம்பு. கம்பின் உயரத்தைப் புத்தகத்தில் தேட வேண்டாம், உங்கள் மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி அளவெடுங்கள். நாட்டு மாடும் கலப்பின மாடும் ஒரே உயரமில்லை. கொம்புள்ள மாடுகளுக்கு நெருக்கமான நேர்க்கம்புகள் ஆபத்து. நுழைத்த தலை திரும்பாது. நேர்க்கம்பு வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் சரிவாக, அகல இடைவெளி விட்டு அடியுங்கள். தலைக்கு மேலே சுவரில் சாய்த்துக் கட்டும் தட்டிகள் பார்க்க அழகு, ஆனால் தூசியெல்லாம் மாட்டின் கண்ணில்.

பழைய வாகன ரயர்களை வெட்டித் தொட்டியாக்குவோர் உண்டு. தேய்ந்த ரயரிலிருந்து மெல்லிய உருக்குக் கம்பிகள் வெளிவரும். தீனியோடு வயிற்றுக்குள் போன கம்பி இரைப்பையைத் துளைத்து இருதயம் வரை குத்தலாம். பிளாஸ்ரிக் பீப்பாயை நீளவாக்கில் பிளந்தால் நல்ல தொட்டி கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் தொடவே வேண்டாம். கட்டைச் சுற்றியிருக்கும் நைலோன் நூலும் அப்படித்தான். வெட்டிய நூலைத் தொட்டியில் விடாது உடனே சுருட்டி வேலியில் மாட்டுங்கள். மாடு விழுங்கிய நூல் கரையாது, சிக்கெடுத்துப் பந்தாகி வயிற்றிலேயே கிடக்கும்.

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாமல் பிறர் வளவில் மாடு கட்டும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீமெந்துத் தொட்டி கட்டச் சொல்லி யாராவது உதவித் தொகை கொண்டுவந்தால் யோசியுங்கள். இடம் மாறும்போது அது காணிக்காரருக்கே போகும். ஆணி அறையாது போல்ற்றும் கயிறும் போட்டுப் பூட்டிய மரத்தொட்டியைக் கழற்றி லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றலாம். இரும்பு வளையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து மாடுகளைச் சேர்த்துக் கட்டும் பட்டிக்கும், பாற்பண்ணையாளர் சங்கத்துக்கும் அது ஏற்றது. அங்கும் அடிப்பகுதி தகடால் மூடியதாகப் பார்த்துக் கேளுங்கள். வெறும் கம்பியாக இருந்தால் வைக்கோல் கீழால் வெளியே வரும். இரண்டு மாட்டுக் குடும்பத்துக்கு ஆளுக்கொன்று என்று விண்ணப்பத்தில் எழுதுவது காசைக் கரைப்பதே.

அந்தக் காசில் முதலில் கட்டுகளுக்கு ஒரு கூரை போடுங்கள். மாசி, பங்குனியில் வாங்கிய கட்டைக் காலபோகம் விதைத்தபின் மார்கழிவரை வைத்திருக்க வேண்டிவரும். வயலில் பயிர் நிற்கும் அந்நாட்களில் மாட்டை எங்கும் அவிழ்த்துவிட முடியாது. நனைந்து பூஞ்சணம் பிடித்த கட்டை எந்தத் தொட்டியில் வைத்தாலும் மாடு தின்னாது, தின்றாலும் நோய்தான். நிலத்தில் குற்றிகளைப் பரப்பி, அதன்மேல் அடுக்கி, கிடுகோ தகரமோ வேய்ந்து, சுவரோடு ஒட்டாமல் ஓர் ஆள் நடக்க இடைவெளி விடுங்கள். எலியும் பாம்பும் ஒதுங்குவது அந்த மூலையில்தான். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கட்டுத் தூக்கியபின் பிள்ளைகளையும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.